பதறிக் கருவாடு

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், தெருக்குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த சலேத்தம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு மீன் வந்து விழுந்தது. விரல் நீளம் இருக்கும். செதில் கிடையாது. கண்ணாடித்தாள் போலிருந்த உடம்புக்குள்ளே செக்கச்செவேலென்று ஒரு புள்ளி படபடவென அடித்துக்கொண்டிருந்தது. சலேத்தம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்து, மீனை மறுகையில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள், ஏனென்றால் மீனைக் கீழே போட்டுவிட்டுப் போகும் வழக்கம் வியாகுலபுரத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வழியெல்லாம் அவளுக்கு எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. வாசற்படி ஏறும்போதுதான் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு கை ஓயாமல் பிசைந்துகொண்டே இருக்குமே, அந்தக் கையை இப்போது காணவில்லை.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. வியாகுலபுரத்து ஆண்கள் கடலில் தங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று மார்தட்டுவார்கள், ஆனால் அவர்களில் ஒருவன்கூடத் தன் கையால் குடிதண்ணீர் மொண்டு வள்ளத்தில் வைத்தது கிடையாது. தண்ணீர்க் கேனை வீட்டுப் பெண்தான் நிரப்ப வேண்டும், அவள்தான் விடியலில் கரைக்குத் தூக்கிவர வேண்டும், வள்ளத்தில் ஏறி நிற்கிறவன் குனிந்து கையை நீட்ட அவள்தான் அந்தக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வள்ளம் இறங்கும். கொடுக்காமல் கேனை மணலில் வைத்துவிட்டு, "மனசு சரியில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாளானால், கடல் பாய் விரித்த மாதிரிக் கிடந்தாலும், பக்கத்து ஊர் வள்ளங்கள் எல்லாம் போய் அள்ளிக் குவித்துக்கொண்டு வந்தாலும், அந்த வீட்டு ஆள் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்க வேண்டியதுதான். காரணம் கேட்கக் கூடாது. திட்டலாம், வாய் கிழியத் திட்டலாம், திட்டவும் செய்தார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் இல்லாமல் ஒருவனும் போனதில்லை.

இந்த அதிகாரம் பெண்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. காற்று ஓலையில் உரசுகிற சத்தத்தை வைத்து அது கொண்டலா வாடையா என்று பார்த்துக்கொண்டு கண்ணை மூடாமல் கிடந்து, பூனை குறுக்கே போனதற்கும் பால் திரிந்ததற்கும் பயந்து, உலையில் அரிசி போடும்போது புருஷன் முகம் ஏன் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது என்று அதற்கும் பயந்து, வாங்கிய அதிகாரம் அது. சலேத்தம்மாளுக்கு முப்பது வயதிலேயே தலை நரைத்துவிட்டது. தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். வயிற்றுப்புண்ணுக்கு வெள்ளை மருந்து குடித்துக் குடித்து அவள் நாக்கே வெளுத்துக் கிடந்தது. அவள் தடுத்த நாட்களில் முக்கால்வாசி நாள் கடலில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் அவள் புருஷன் கஸ்பார் வீட்டுக்குள் இருந்த பாத்திரங்களில் உருட்டாதது பாக்கி கிடையாது.

ஆனால் மகள் பெனிட்டா பிறந்த வருஷத்தில் ஒரு நாள், கரை முழுக்கப் பார்த்திருக்க, கேனைக் கொடுக்காத சலேத்தம்மாளைக் கஸ்பார் வாய்க்கு வந்தபடி ஏசி, "நீ பொண்டாட்டி இல்லட்டி, நங்கூரம்" என்று கத்தினான். அன்று மாலை பக்கத்து ஊர் வள்ளங்கள் உடைந்து பலகையாகக் கரைக்கு வந்தன. கஸ்பார் அடுப்படியில் போய் உட்கார்ந்து கூடை நிறையக் கிடந்த சின்ன வெங்காயத்தை ஒன்று விடாமல் உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

அப்படிப்பட்ட கை இப்போது இல்லை. சலேத்தம்மாள் மீனைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, தட்டு நிறையப் பழைய சோற்றைப் போட்டு முழுக்கத் தின்றாள். பிறகு படுத்துத் தூங்கினாள். கஸ்பார் வந்து அவள் மூக்கில் விரலை வைத்துப் பார்க்கும் அளவுக்குத் தூங்கினாள்.

மறுநாள் அவள் ஓரகத்தி மிக்கேலம்மாளுக்கு மாவாட்டும்போது வந்தது. அதற்கடுத்து வலைக்காரத் தெருவில், பிறகு சுனாமிக் குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்திய நேரத்தில் முன்வரிசையிலிருந்த பெண்களுக்கெல்லாம் சேர்ந்தாற்போல் வந்தது. சாமியார் நல்ல மனுஷர். இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா என்று ஆயர் இருக்கும் மேற்றிராசனத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார், அதுவரை கோயில் வாசலில் ஒரு வாளியும் தண்ணீரும் வைக்கச் சொன்னார். மாதம் ஒருமுறை வந்து எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கிற நர்ஸம்மா, பார்த்தவர்கள் எல்லோருக்கும் சரியாக இருப்பதைக் கண்டு தன் கருவி கெட்டுவிட்டதென்று வேறு கருவியை எடுத்துவரப் போனார். பெண்கள், நெஞ்சில் ஏழு வாளோடு நிற்கும் வியாகுல மாதா சுரூபத்துக்குப் பூப்போட வந்து, அவளை முதல்தடவையாகப் பரிதாபத்தோடு பார்த்தார்கள். "பாவம், இவளுக்கும் ஒரு மீன் வந்துட்டா தேவல" என்றாள் மிக்கேலம்மாள். ஆண்களுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அவர்கள் தங்கள் பயத்தைக் கல்யாணத்தன்றே பெண்டாட்டிமார் மடியில் கட்டிவிட்டிருந்தார்கள்.

அந்த மீன்கள் சாகவில்லை. கிண்ணத்திலும் சட்டியிலும் பிளாஸ்டிக் வாளியிலும் கிடந்து இரவும் பகலும் அடித்துக்கொண்டன. வேறு ஊராக இருந்தால் அதை என்ன செய்வதென்று நாலு பேரைக் கேட்டிருப்பார்கள், குழி தோண்டிப் புதைத்திருப்பார்கள், குறைந்தது கொஞ்ச நாளாவது பத்திரமாக மூடி வைத்திருப்பார்கள். வியாகுலபுரத்துப் பெண்கள் கருவாட்டுக்காரிகள். மிஞ்சின மீன் எதுவானாலும் அவர்கள் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கல்லுப்பில் புரட்டினார்கள், ஓலைப்பாயில் பரப்பினார்கள், காக்கை வராமல் மேலே வலையைக் கட்டினார்கள். வெயில் ஏற ஏற அந்தச் சிவப்புப் புள்ளி மெல்ல அடங்கி மிளகு மாதிரிச் சுருங்கியது. பெயர் ஒன்று வேண்டுமே என்று பதறி என்று வைத்தார்கள். சாளை, நெத்திலி, காரல், பதறி என்று சொல்லிப் பார்த்தபோது இயல்பாகத்தான் இருந்தது. ஆனால் தாங்கள் அதைத் தின்னவில்லை. தன் வயிற்றிலிருந்து வந்ததைத் தானே தின்பதா என்று அருவருத்து, எடுத்துப் போக வந்த சுடலைமுத்து யாபாரியிடம் மொத்தமாகப் போட்டுவிட்டார்கள்.

அந்த ஐப்பசியும் கார்த்திகையும் போல ஒரு காலம் வியாகுலபுரத்தில் இருந்ததே இல்லை. பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். விடியலில் கடலுக்குப் போகிற ஆண்கள் பெண்டாட்டியை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது, அவர்களும் பாதித் தூக்கத்தில் கேனைத் தூக்கிவந்து நீட்டிவிட்டு, கொட்டாவியோடு திரும்பிப் போனார்கள். ஒரு வள்ளமும் கரையில் தங்கவில்லை. மீன்பாடு கொழித்தது. ஓலைக்கூரைகள் தகரமாயின, கோயிலுக்குப் புது ஒலிபெருக்கி வந்தது. சலேத்தம்மாளின் கன்னத்தில் சதை வைத்தது. ஒரு மாலை அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கஸ்பார் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருசத்துல இப்பதாம்ட்டி உன் மொகத்தப் பாக்கேன்" என்றான். அவளுக்கு வெட்கம் வந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர்கள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்கள்.

அங்கங்கே ஒன்றிரண்டு நடக்கத்தான் செய்தன. மிக்கேலம்மாளின் கடைக்குட்டி தத்தித் தத்தி அலைக்குள் இறங்கியபோது அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளை இடுப்பளவு தண்ணீருக்குப் போனான், கழுத்தளவுக்குப் போனான், "எவ்வளவு அழகா நடக்கான் பாருங்க யக்கா" என்று அவள் சலேத்தம்மாளிடம் சொன்னாள், சலேத்தம்மாளும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வலை தைத்துக்கொண்டிருந்த தொம்மை, பிள்ளையின் அப்பன், ஓடிப்போய் மயிரைப் பிடித்துத் தூக்கினான். அப்பனும் அம்மையும் பிள்ளையுமாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

கடற்கரையை விட்டுத் தள்ளியிருந்த உள்நாட்டு ஊர்களில் பதறிக் கருவாட்டுக்கு ஏகப்பட்ட கிராக்கி. அதைத் தின்ற நகைக்கடைக் காவல்காரர் இழுத்துப் பார்த்த பூட்டை மறுபடியும் இழுத்துப் பார்க்கப் போய்த் திருடனைப் பிடித்தார். ஒரு லாரி டிரைவர் மலையிறக்கத்துக்கு முன்னால் என்னவோ போலிருக்கிறதென்று இறங்கி, பிரேக் அறுந்திருந்ததைக் கண்டுபிடித்தார். செய்தி பரவி, டாக்டர் படிப்புக்கான நுழைவுத்தேர்வுக்குப் பிள்ளைகளைக் கசக்கிப் பிழிகிற ஒரு பயிற்சி விடுதி, இனி யாருக்கும் கொடுக்காதே எல்லாம் எங்களுக்கே என்று யாபாரியிடம் பேசி முடித்தது. வாரம் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு என்றிருந்தது நாள் தவறாமல் ஆயிற்று. பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது. கடலையே பார்த்திராத பிள்ளைகள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காற்று எந்தத் திசையில் அடிக்கிறதென்று ஜன்னலைப் பார்த்தார்கள், தூக்கத்தில் லாரன்ஸ், சூசை, மரியதாஸ் என்று முன்பின் தெரியாத ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். வார்டன் இதைப் பரீட்சை பயம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். ஒரு பையன் எழுதுகிற கையை நிறுத்த முடியாமல் வெறும் விரலால் காற்றில் எழுதிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறினான். அவன் பெற்றோர் அவனுக்குச் சத்துப் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் கருவாடு வாங்கிக் கொடுத்தனுப்பினார்கள்.

பெனிட்டா அந்த விடுதியில்தான் இருந்தாள். முதல் வருஷம் தேர்வில் போதிய மதிப்பெண் வராமல் இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் சலேத்தம்மாள் காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், விளக்கு வைத்ததும் ஒருதரம் என்று வார்டனுக்குப் போன் செய்து, சாப்பிட்டாளா, இருமுகிறாளா என்று கேட்டு அவர் பிராணனை வாங்குவாள். இப்போது பிள்ளைதான் கூப்பிட்டது.

"எம்மா, நீ ஏன் கூப்பிடவே மாட்டேங்க?"

"மறந்துட்டேன் மக்கா."

 பெனிட்டா சொன்னாள், "மெஸ்ஸுல ஒரு கருவாடு போடுதாவ. வாயில வச்சா உன் நெனப்பு வருது. ஏன்னே தெரியலம்மா, அப்பாவ நெனச்சிக்கிட்டே இருக்கேன். தூங்க முடியல. முடி கொத்துக் கொத்தா வருது. ஆனா மார்க்கு நெறய வாங்குதேன்."

"மார்க்கு வந்தா சரிதானே மக்கா" என்றாள் சலேத்தம்மாள். போனை வைத்துவிட்டு முறுக்குச் சுற்றப் போனாள்.

கார்த்திகை முடியப்போகிற சமயத்தில் கடலில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னது. மறுநாளும் சொன்னது. கோயிலின் புது ஒலிபெருக்கியில் சாமியாரும் அதைப் படித்தார். பெண்கள் குழம்பைக் கிளறிக்கொண்டே அதை ஏதோ கல்யாண அழைப்பைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். முன்பு பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆண்கள் இருந்தார்கள், இப்போதும் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் ஆண்கள் இருந்தார்கள். விடியலில் சலேத்தம்மாள் கேனை நிரப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எம்மா, அப்பா எங்க?"

"கரைக்குப் போயிட்டாவ. தண்ணி கொண்டுபோப் போறேன்."

"குடுக்காதம்மா!" பெனிட்டா கதறினாள். "உன் கால்ல விழுதேன், குடுக்காத. என் வயித்துக்குள்ள யாரோ கைய விட்டுப் பிசையிதாவ. இங்க எங்கம்மா கடலு இருக்கு? காது நெறயக் கடலு எரையுது. அப்பாவ விடாதம்மா."

சலேத்தம்மாளுக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும். அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று இப்போது புரிந்தது. சொல்லப்போனால் எல்லாமே புரிந்தது, புயலும் புரிந்தது, ஆனால் புரிந்தது எதற்கும் கனமே இல்லை, நெட்டி மாதிரி மிதந்துகொண்டிருந்தது. "அழாத மக்கா, அப்பாட்ட சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வானம் கிழக்கே தாமிரச் சட்டி நிறத்தில் இருந்தது. அது பார்க்க அழகாக இருந்ததால் அவள் நின்று பார்த்தாள்.

கஸ்பார் வள்ளத்தில் நின்று கையை நீட்டினான்.

"பிள்ள போன் பண்ணிச்சு. ஒமக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு அழுதா" என்றாள்.

கஸ்பார் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். ஆயிரம் ஏசினாலும் அவன் அந்த ஊர்க்காரன். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோலக் கேட்டான். "பிள்ள கெடக்கட்டும். உன் மனசு என்னட்டி சொல்லுது?"

சலேத்தம்மாள் கண்ணை மூடித் தன் மனசுக்குள் தேடிப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள். கூட்டிப் பெருக்கிய வீடு மாதிரி இருந்தது உள்ளே. அவள் கஸ்பாரிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, கேனை அவன் கையில் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் கடல் எழுந்து நின்றது. கூரையாகப் போட்ட தகரமெல்லாம் பறந்து பனைமரங்களில் செருகிக்கொண்டன. போன வள்ளங்களில் பாதி திரும்பவில்லை, கஸ்பாரின் வள்ளம் திரும்பவில்லை. காய்ச்சலென்று அன்றைக்குப் படுத்துக் கிடந்ததால் தொம்மை தப்பினான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. தேடுவதற்கு வந்த அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் கரையில் ஒரு கூட்டம் மாரில் அடித்துக்கொண்டு கிடக்கும் என்று நினைத்து வந்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்து, கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து தின்று, சாய்ந்து தூங்கி, எழுந்து கடலைப் பார்த்தார்கள். வருவாரா என்று அவர்கள் நெஞ்சு கேட்கவில்லை. உடல்கள் ஒதுங்க ஒதுங்க, யார் வீட்டு உடலோ அவள் மட்டும் எழுந்து போய் அழுதாள். கஸ்பார் ஒதுங்கவே இல்லை, ஆகவே சலேத்தம்மாளுக்கு அழுவதற்கு ஒரு நேரமும் வாய்க்கவில்லை. செத்துப்போயிருப்பான் என்று தெரியும், அவ்வளவுதான்.

பெனிட்டா பஸ்ஸிலிருந்து இறங்கி வெறுங்காலோடு கரைக்கு ஓடிவந்தாள். மண்டை பாதி தெரிந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. "அப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் பனைமரத்துக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. அந்த ஊரின் அத்தனை பெண்களும் போட்டிருக்க வேண்டிய கூச்சலை அவள் ஒருத்தி போட்டாள், மணலில் புரண்டு, சாயங்காலம் வரை. பெண்கள் மரியாதையாகச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஊர்க்கூட்டம் கோயில் முன்னால் கூடியது. இப்படியே விட்டால் ஒரு ஆணும் மிஞ்சமாட்டான், நமக்குப் பயம் திரும்ப வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பதறி எங்கே இருக்கிறது? கேட்டுப் போனவர்களிடம் சுடலைமுத்து யாபாரி கையை விரித்தார். எல்லாம் விடுதிப் பிள்ளைகளின் வயிற்றில் கரைந்துவிட்டிருந்தது. அப்போதுதான் யாரோ பெனிட்டாவைக் காட்டினார்கள். இத்தனை பேருக்கு இல்லாதது இவளிடம் இருக்கிறதே, எல்லா வள்ளத்துக்கும் இனி இவளே தண்ணீர் கொடுக்கட்டுமே!

கரையில் அவளுக்கு ஒரு பந்தல் போட்டார்கள். நாற்காலி போட்டார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்து மூன்று வேளையும் நல்ல சாப்பாடு கொண்டுவந்தார்கள், அவள் அதில் ஒரு கவளம் தின்றாலே அதிகம். விடியலில் ஆண்கள் வரிசையில் நிற்க, அவள் ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்து, கை நடுங்க நடுங்கக் கேனைத் தூக்குவாள், அல்லது வைத்துவிடுவாள். பெரும்பாலும் வைத்துவிடுவாள். அவள் கொடுத்துப் போன வள்ளம் ஒன்றுகூடத் திரும்பாமல் இருந்ததில்லை. ஊர் அவளைக் கும்பிட்டது. பிறகு, பட்டினி எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், பேரம் பேசியது. "பாதிக் கேன் குடு தாயி, கண்ணுக்கு எட்டின தூரம் போயிட்டு வந்திருதோம்" என்று வயதானவர்கள்கூட அவள் முன்னால் வந்து நின்றார்கள். அவள் படிப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒருத்தியின் நடுக்கத்தில் ஊரே பிழைக்கிறதென்றால் அந்த நடுக்கத்தை யார்தான் நிறுத்தச் சொல்வார்கள்? சலேத்தம்மாளும் சொல்லவில்லை. மகளின் கழுத்தெலும்பு துருத்துவதை அவள் பார்த்தாள், தலையைக் கோதினால் கையோடு வரும் முடியைப் பார்த்தாள், அவளை மடியில் போட்டுக்கொண்டு தாலாட்டவும் செய்தாள். பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பயமில்லாத பாசம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

தை மாதத்தில் ஒரு காலை, வரிசையில் முதலாவதாக நின்ற தொம்மைக்குக் கேனைத் தூக்கப்போன பெனிட்டா, குனிந்து இருமினாள். இருமி இருமிக் கடைசியில் மணலில் துப்பினாள். ஒரு பிள்ளையின் தூக்கத்தையும் சதையையும் தின்று கொழுத்த அந்தப் பதறி இப்போது உள்ளங்கை நீளம் இருந்தது. பெனிட்டா நிமிர்ந்தாள். அவள் நெற்றியிலிருந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது. "பசிக்குதும்மா" என்றாள்.

மிக்கேலம்மாள் பழக்கதோஷத்தில் உப்பெடுக்க ஓடினாள். மற்றவர்கள் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். "உப்புல போட்டா ஊரு போச்சு. திருப்பி அவ வாயிலயே போடு!" என்று ஒருவர் கத்தினார். அவர் கெட்டவர் இல்லை, புயலில் இரண்டு தம்பிகளைக் கொடுத்தவர். ரெண்டு பேர் பெனிட்டாவின் தோளைப் பிடித்தார்கள். அவள் எதிர்க்கவில்லை. பயமில்லாததால் புன்னகையோடு வாயைத் திறக்கவும் தயாராக இருந்தாள்.

சலேத்தம்மாள் குனிந்து மீனை எடுத்தாள். அதை விழுங்கினால் என்ன வரும் என்று அந்தக் கரையில் அவளை விட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. தெரிந்தும் அதை வாய்க்குக் கொண்டுபோனாள். பயமில்லாமல் இருந்த இத்தனை நாளில் அந்தப் பயமில்லாமையால் அவள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். தலையை அண்ணாந்து, துடிக்கத் துடிக்க அதை வாயில் போட்டு விழுங்கினாள்.

உள்ளே இறங்கியதும் அந்தக் கை முதலில் கஸ்பாரைத் தேடியது. அது விட்டுப்போன இடத்திலிருந்தே தொடங்கியது. சலேத்தம்மாள் மணலில் கிடந்த கேனைப் பாய்ந்து கட்டிக்கொண்டாள். "மனசு சரியில்ல! போவாதீரும், மனசு சரியே இல்ல!" என்று ஒருவரும் நில்லாத கடலைப் பார்த்து அலறினாள். சொல்லியிருக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் கடந்துவிட்டிருந்தது. அவன் குனிந்து கேட்ட முகம் வந்தது. நல்லாத்தான் இருக்கு என்று தான் சொன்னது வந்தது. அப்போதுதான் அவள் புருஷன் செத்தான். அவள் தொண்டை கிழிய அழுதாள், கட்டிய கேனை இருட்டும் வரை யாராலும் பிடுங்க முடியவில்லை.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. மகள் இல்லாவிட்டால் அம்மா, பயம் ஊரிலேயே இருக்கிறதல்லவா என்று பந்தலில் சலேத்தம்மாளை உட்கார வைத்தார்கள். அவள் ஒருவனுக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை. வெயிலடித்தாலும் கொடுக்கவில்லை, கடல் தூங்கினாலும் கொடுக்கவில்லை. "மைனி, கடலப் பாரும், கண்ணாடி மாதிரிக் கெடக்கு. பிள்ளைக பட்டினி" என்று தொம்மை அவள் காலடியில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தான். அவள் கேனின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் ஒருநாள் தொம்மை எழுந்து போய்த் தெருக்குழாயில் தானே தண்ணீர் பிடித்துக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினான். பின்னால் ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். அன்று மாலை எல்லோரும் வள்ளம் நிறைய மீனோடு திரும்பினார்கள், தொம்மை சிரித்துக்கொண்டே ஒரு பெரிய சீலா மீனை அவள் மடியில் போட்டான். சலேத்தம்மாள் அவன் கையைக் காலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். மறுநாள் பந்தலைப் பிரித்து அதன் கம்புகளை வலை காயப்போடக் கொண்டுபோனார்கள்.

பெனிட்டா நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், தலையில் பூனை மயிர் போலப் புதுமுடி வந்தது. ஒருநாள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஹாஸ்டலுக்குப் போறேம்மா, பரீட்சைக்குப் பேரு குடுத்திருக்குல்ல" என்றாள். சலேத்தம்மாள் கூடவே போனாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் அந்தப் பக்கம்தான் நிற்கும். பெனிட்டா ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு, இடது பக்கமும் பார்க்காமல் வலது பக்கமும் பார்க்காமல், தன் வீட்டு முற்றத்தில் இறங்குகிறவள்போல் சாலையில் இறங்கினாள். உப்பு லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. சலேத்தம்மாள் எப்படிப் பாய்ந்தாள், எப்படி இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. லாரி போன காற்றில் இருவரும் ஓரத்து முள்ளில் விழுந்தார்கள்.

"என்னம்மா?" என்று பெனிட்டா முள்ளிலிருந்து எழுந்து, சிரித்த முகத்தோடு பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "நின்னிருப்பாம்மா அந்த டிரைவரு."

எதிர்ப்பக்கத்தில் பஸ் வந்து நின்றது, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த பஸ்ஸும் வந்தது, அதுவும் போனது. வெயில் உச்சிக்கு வந்தது. சலேத்தம்மாள் மகளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் பதிந்த இடமெல்லாம் வெளுத்து, பிறகு நீலம் பாரித்தது.

"வலிக்கும்மா, விடு" என்றாள் பெனிட்டா.

சலேத்தம்மாள் விடவில்லை.